குப்பைமேட்டுக் கண்ணாடியும் ஃபியூக் வடிவமும்: யோசெஃப் ஆல்பர்ஸின் ஆக்கமுறை

இசை காட்சி வடிவம் பெறுவதை விளக்கும் திறனாய்வுகள் பெரும்பாலும் ‘மொழிபெயர்ப்பு’ என்னும் உருவகத்தையே சார்ந்துள்ளன. சுரம் புள்ளியாகிறது; கால அளவு நீளமாகிறது. ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் பயின்ற யோசெஃப் ஆல்பர்ஸின் கண்ணாடி ஆக்கங்கள் இவ்வுருவகத்தின் போதாமையைப் புலப்படுத்துகின்றன.

1920இல் வைமர் நகரில் மாணவராகச் சேர்ந்தபோது ஆல்பர்ஸுக்கு வயது 32. பொருள் வாங்க வசதியற்ற நிலையில் நகரின் குப்பைமேட்டிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லுகளைத் திரட்டி, உலோகத்தால் பிணைத்துப் படங்களாக்கினார். 1921இல் உருவான ‘ரைன் பழங்கதை’ அவ்வகையினது. சில்லின் நிறமும் தடிப்பும் வளைவும் முன்பே அமைந்தவை. ஆக்குபவருக்கு எஞ்சுவன தேர்வும் அடுக்கும் மட்டுமே. ஃபியூக் இசையிலும் நிலை ஏறக்குறைய இதுவே. சிறியதொரு கருப்பொருள் முதலில் தரப்படுகிறது; அது எக்குரலில், எவ்விடத்தில் மீண்டும் நுழைகிறது என்பதிலேயே கலை தங்கியுள்ளது.

மாணவப் பருவம் முடிந்தபின் 1925இல் அவர் ஆக்கிய ‘ஃபியூக்’, ஒன்றன்மேல் ஒன்றாக நிற அடுக்குகள் படிந்த கண்ணாடியை மணல்வீச்சால் அரித்துச் செய்யப்பட்டது. மாறுபடும் நீளமுடைய பட்டைகள் அதில் மீள மீள வருகின்றன. குறிப்பிட்ட எந்த இசைப்படைப்பையும் அது படியெடுக்கவில்லை. மாறாக, ஹைன்ரிக் நொய்கெபோரென் 1928இல் பௌஹவுஸில் பாக்கின் ஃபியூக் ஒன்றன் 52 முதல் 55 வரையிலான நான்கு இசைக்கட்டங்களைச் சுர உயரம், கால அளவு ஆகியவற்றின்படி அளந்து முப்பரிமாண வடிவாக்கினார். அதனை முழுமையாக அறிய இசைக்குறிப்பு தேவைப்படுகிறது. ஆல்பர்ஸின் ஆக்கமோ தன் ஒழுங்கைத் தானே காட்டி நிற்கிறது.

தலைப்பு இல்லையெனில் இசைத் தொடர்பு எங்கே என்னும் வினா நியாயமானதே. ஃபியூக்கில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் வரிசை மாற்ற இயலாதது; கண்ணாடிப் பலகத்திலோ கண் எங்கிருந்தும் தொடங்கலாம். இவ்விழப்பை மறைத்து இரண்டையும் சமமெனக் கூறுதல் மிகையாகும். எனினும், மீள்வரவு, இடைவெளி, மேற்படிதல் ஆகிய உறவுகள் தலைப்பை நீக்கிய பின்னும் எஞ்சுகின்றன.

எனவே சில்லுப்படங்களைப் பயிற்சிக்கால முயற்சிகள் என ஒதுக்குதல் பொருந்தாது. கிடைத்த அலகுக்குக் கட்டுப்பட்டு அடுக்கின்வழி வடிவங்காணும் முறை அவற்றிலேயே முதலில் உருப்பெறுகிறது. பின்வந்த ‘ஃபியூக்’ அம்முறைக்கு இசையிலிருந்து பெற்ற பெயர் எனக் கொள்வதே ஏற்புடையது.