வேனிற் பள்ளியும் கோடை இல்லமும்

கோடை இல்லம் என்னும் உடைமை ஆங்கிலேயர் கொணர்ந்த புதுவழக்கு என்பார் ஒரு சாரார். பண்டைத் தமிழர் வேனிற் பள்ளி கண்டவர். ஆதலின் அது நம் பழமரபே என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றில் பெருமிதம் மிகுதி, சான்று குறைவு. முன்னவர் கூற்று உண்மையேயாயினும், அவ்வழக்கு நம் மண்ணில் வேரூன்றியபின் என்ன பொருள் பெற்றது என்பதை அவர் வினவினாரல்லர். அவ்வினாவையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

வேனிற் பள்ளி என்னும் தொடர் நெடுநல்வாடையிலும் சிலப்பதிகாரத்திலும் பயில்கின்றது. நெடுநல்வாடையில் கூதிர்க்காலம் வந்துற்றமையின், தென்காற்றை உள்ளே விடுதற்கு அமைந்த சாளரம் திறவாது கிடக்கின்றது. சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, காதலரைப் பிரிந்த மகளிர் வேனிற் பள்ளியை விடுத்துக் கூதிர்ப் பள்ளியை அடைந்து அதன் சாளரத்தையும் அடைத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டிடத்தும் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு பள்ளிகளும் ஒரே மனையின் உறுப்புகள். பருவம் மாறுங்கால் மாந்தர் மாடத்தில் இடம் மாறுகின்றனர், ஊரினின்று பெயர்ந்தாரல்லர். மேலும், அம்மகளிரைப் பள்ளி மாறச் செய்தது வெயிலன்று, பிரிவு. ஆதலின், ஆண்டில் ஒரு திங்கள் மட்டும் வாழ்தற்பொருட்டு வேறொரு நிலத்தில் வேறொரு மனையை உடைமையாகக் கொள்ளுதற்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

பிறிதிடத்து மனை என்னும் வழக்கம் சென்னையில் தோட்ட வீடுகளோடு தொடங்கியது. கோட்டையின் நெருக்கடியை விடுத்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினி அலுவலரும் வணிகரும் அடையாற்றங்கரையிலும் மயிலாப்பூரை அடுத்தும் தோட்டம் சூழ்ந்த பெருமனைகளை எடுப்பித்தனர். மௌப்ரே என்பாரின் தோட்டம் பின்னர் 1890இல் அடையாறு கழகத்தின் இடமாயிற்று. அட்டில்சுடன் தோட்டத்தைப் பிரம்மஞான சபையார் 1882இல் வாங்கினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேம்சு பிராடி எழுப்பிய பிராடி மாளிகை இன்று இசைக்கல்விக்கு உரியதாகித் 'தென்றல்' என்னும் பெயர் பூண்டுள்ளது. வேனிற் பள்ளியின் சாளரம் எதிர்நோக்கிய அதே தென்காற்றின் பெயர், அதனை ஒருகாலும் கேட்டறியாதவர் கட்டிய மனைக்கு அமைந்தது. பெயரிட்டவர் இதனை எண்ணினரோ இல்லையோ, பெயர் பொருத்தமுடையதே.

நகர் வளர்ந்தது. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரி தூர்ந்து தியாகராய நகராயிற்று. தோட்டங்கள் தெருக்களாயின. ஊர்ப்புறமாயிருந்தது ஊரின் நடுவாயிற்று. ஒதுங்கி வாழ விழைந்தவர் இனி மலையையே நாடவேண்டியவராயினர்.

மலைவழி முன்னரே திறந்திருந்தது. கோவை ஆட்சியர் சான் சல்லிவன் 1819இல் நீலமலை ஏறினார். பின்னர் உதகையில் கல்வீடு கட்டினார். கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் முதல் மனைகளை அமைத்தனர். மாகாண அரசே கோடைதோறும் உதகைக்குப் பெயர்ந்தது. மலை இருப்புப்பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. உயர்நீதிமன்றத்தின் கோடை விடுமுறையும் இப்பாதையும் சேர்ந்தே மயிலாப்பூர் வழக்கறிஞரை மலைமனைக்கு உரியவராக்கின என்பது எம் கருத்து. சர் சி. பி. இராமசாமி ஐயருக்கு எல்டாம்சு சாலையில் 'குரோவ்' என்னும் மனையும் உதகையில் 'டெலைல்' என்னும் மனையும் இருந்தன. இவ்விரு பெயர்களுள் ஒன்றேனும் தமிழன்று. அரசு எங்குச் செல்கின்றதோ ஆங்கு மனை கொள்ளுதல் வெப்பத்திற்கு அஞ்சியதனால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆள்வோரொடு ஒரே சாலையில் மாலை உலாவும் உரிமையும் அதனுள் அடங்கியிருந்தது. வாடகைக்கு மனை எடுத்தவரும் அக்குளிரையே நுகர்ந்தனர். ஆயினும் அவர் விருந்தினர், உடையவரே அவ்வூரார்.

இனித் திணைநெறியான் நோக்குவோம். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், வேனில் பாலைக்குரியது. வேனிலிற் பொருள்வயிற் பிரிந்து சுரம் கடப்பவன் பழந்தலைவன். இக்காலத் தலைவனோ ஈட்டிய பொருளோடு, மனையாளும் மக்களும் உடன்வர, வேனிலிலேயே குறிஞ்சியை அடைகின்றான். பிரிதற்குரிய பொழுதில் கூட்டம் நிகழ்கின்றது. பொழுது மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கிற்றிலர். நிலம் இரண்டு ஒருங்கு மயங்குதலையே விலக்கினார். கோடை இல்லத்தான் இரண்டு நிலங்களை ஒரு பெயரிற் பதிவு செய்துகொண்டவன். இலக்கணம் விலக்கிய மயக்கத்தைப் பத்திர அலுவலகம் ஏற்றுக்கொண்டது!

இம்மயக்கத்தால் மிகுதியும் மாறியது காவல் என்னும் கருத்து. குறிஞ்சித் தலைவி பரண்மீதிருந்து தினைப்புனம் காத்தாள். அப்புனம் அவள் குடியினது, விளைவும் அவர்க்கே. கோடை இல்லத்துக் காவலாளோ ஆளில்லா மனையைப் பதினொரு திங்கள் காக்கின்றான். தன் குடி பிறந்த மலையில் அவன் காப்பது பிறனொருவன் வாராமையை. உடையவர் வருநாள் நோக்கித் தரை துடைத்து, விறகடுக்கி, போர்வைகளை வெயிலில் உலர்த்துகின்றான். இருத்தல் என்னும் உரிப்பொருள் தலைவியினின்று நீங்கிக் கூலியாளிடம் வந்து தங்கிவிட்டது. கோடை இல்லத்தின் பண்பாட்டுப் பொருளை ஆராய்வார் பலரும் உடையவரின் பெருமையையோ அவர்தம் ஓய்வையோ பேசி அமைகின்றனர். இக்காவலாளை அவர் கண்டிலர். எம் கருத்தில் அவனே இவ்வாராய்ச்சியின் நடுப்பொருள்.

புதின ஆசிரியருள் இதனை உணர்ந்தார் சிலரே. நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரில் கொடைக்கானல் தூய காதலுக்குரிய நிலைக்களமாக வருகின்றது. அழகிய காட்சியே, எனினும் அது கீழிருந்து மேலேறி வந்தவரின் கண். இராசம் கிருட்டிணன் 1963இல் வெளியிட்ட குறிஞ்சித் தேன் கண்ணை மாற்றி அமைத்தது. நீலமலைப் படகர் குடியின் உள்ளிருந்து அக்கதை நடக்கின்றது. பன்னீராண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியே அங்குக் காலத்தை அளக்கின்றது. ஆண்டுதோறும் வரும் விடுமுறையன்று. சாமை விளைந்த நிலம் தேயிலைக்கு மாறும் துயரம் அங்கு உள்ளூரார் வாயிலாகவே உரைக்கப்படுகின்றது. ஆதலின் இவ்விரு நூல்களுள் குறிஞ்சித் தேனே திணைமரபுக்கு அணுக்கமானது என்பேம். முன்னதன் நடையழகை நாம் மறுத்தோமல்லோம்.

கொடைக்கானற் குறிஞ்சியாண்டவர் கோயில் 1936இல் எழுந்தது. அதனை எழுப்பியவர் ஈழத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாராகிய, ஐரோப்பிய வழிவந்தவராகிய லீலாவதி அம்மையார். வந்தேறியவர் மனையோடு நில்லாது அந்நிலத்துத் தெய்வமாகிய சேயோனுக்கும் இடங்கண்டமை நினைக்கத்தக்கது.

இன்று மயிலைச் செல்வரும் அடையாற்றுச் செல்வரும் நெய்தலையும் விட்டாரல்லர். நீலாங்கரை முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் மருங்கெங்கும் வாரவிடுமுறை மனைகளும் அவற்றின் நெடுமதில்களும் நிற்கின்றன. மீனவர் வலை உலர்த்தும் மணலுக்குச் செல்லும் வழி அம்மதில்களுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கின்றது.

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சி. புறநானூற்று 205ஆம் பாட்டிற் பெருந்தலைச் சாத்தனார், பரிசில் நீட்டித்த கடிய நெடுவேட்டுவனைப் பாடுகின்றார். அவன் கோடைமலைத் தலைவன். அம்மலை இன்றைய கொடைக்கானற் பகுதியே என்பது பலர் துணிபு. கோடை இல்லம் என்னுங்கால் நாம் வெயிற்பொழுதை மட்டுமே கருதுகின்றோம். மலைக்குரிய பெயராகவே கோடை வழங்கிய காலத்தில் ஆங்கொரு வேட்டுவன் தலைவனாக இருந்தான். பரிசில் வேண்டிய புலவன் அவன் வாயிலில் நின்றான்.