தன் குரலும் தன் கடனும்: சென்னை மேடையின் சங்கீதப் பாணிகள்

கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் ஒரு பாடகருக்குத் தரும் மிகப் பெரிய பாராட்டு, "இவருக்கென்று ஒரு பாணி இருக்கிறது" என்பது. அதே ரசிகர்கள் அதே வாயால் சொல்லும் இன்னொரு பெரிய பாராட்டு, "குருவையே கேட்டாற்போல் இருந்தது" என்பது. ஒன்று தனித்தன்மைக்கு, மற்றது விசுவாசத்துக்கு. இரண்டும் முரண்படுவதாக நம் ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு மனிதன் தானாக இருப்பது எப்படி என்ற கேள்விக்கு இந்த இசை மரபு தன் வழியில் ஒரு விடை வைத்திருப்பதே இதற்குக் காரணம் என்று நம்புகிறேன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் வாழ்ந்தும் பாடியும் கற்பித்தும் வந்த பெரியவர்களின் பாணிகளைக் கொண்டு அந்த விடையை எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

ஒரே சாலையில் இரண்டு விடைகள்

கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் வசந்த விஹார், ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னை வரும்போது தங்கி உரையாற்றிய இடம். தம்மை உலக குருவாக ஏற்க அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தை 1929-இல் ஹாலந்தின் ஓமெனில் தாமே கலைத்தவர் அவர். எந்தக் குருவும், எந்த அமைப்பும், எந்தப் பரம்பரையும் ஒருவனை உண்மையிடம் கொண்டு சேர்க்காது; அவனவன் தன்னைத் தானே பார்த்தாக வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலை. சபாக்களில் கச்சேரிகள் நடந்துகொண்டிருக்கும் பருவத்தில்தான் வசந்த விஹாரின் மரங்களடியில் அவருடைய உரைகளும் நடந்தன.

அதே சாலையில்தான் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. 1949-இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி என்ற பெயரில், முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. அங்கே மாணவர்கள் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து, அவர் பாடியதைப் பாடி, பிசகினால் மறுபடி பாடிக் கற்றார்கள்.

ஒரு வளாகம் குருவைத் துறக்கச் சொன்னது. மற்றது குருவின் வாய் பார்க்கச் சொன்னது. ஆனால் கற்றவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால், இரண்டாவது வழியும் தனிமனிதனைத் தொலைத்துவிடவில்லை என்பது தெரியும்.

ஒரே வேர், மூன்று மனிதர்கள்

தியாகராஜரின் சீடர்களில் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் முக்கியமானவர். அவரிடம் கற்றவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். பட்டணத்தின் சீடர்கள் பலரில் பூச்சி சீனிவாச ஐயங்கார் ஒருவர், டைகர் வரதாச்சாரியார் ஒருவர். பூச்சி ஐயங்காரின் சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். டைகரின் சீடர் எம்.டி. ராமநாதன். மானம்புச்சாவடியின் இன்னொரு சீடரான சுசர்ல தட்சிணாமூர்த்தி சாஸ்திரி ஆந்திரத்தில் ஒரு கிளையை வளர்த்தார். அவருடைய மாணவர் பாருபல்லி ராமகிருஷ்ணய்யா பந்துலு. அவருடைய மாணவர் பாலமுரளிகிருஷ்ணா.

அரியக்குடி, எம்.டி.ஆர்., பாலமுரளி மூவரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள். ஆனால் மூவரையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் இவர்களை ஒரு குடும்பம் என்று சொல்வார்களா?

அரியக்குடி (1890-1967) மத்திம காலத்தின் மன்னர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், விஸ்தாரமான ராகம், தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்று இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அவரே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எதையும் தேவைக்கு மேல் பாடமாட்டார். ஆலாபனை அலுக்கும் முன்பே முடிந்துவிடும். சபையின் மனநிலை அவருக்கு அத்துப்படி.

எம்.டி. ராமநாதன் (1923-1984) பாலக்காட்டு மஞ்சப்பராவில் பிறந்து, பௌதிகம் படித்துவிட்டு, 1944-இல் கலாக்ஷேத்திராவுக்கு டைகரிடம் கற்க வந்தவர். ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் தொடங்கிய அந்தக் கலாக்ஷேத்திராவிலேயே பிறகு ஆசிரியராகவும் இருந்தார். கனத்த குரல், மிகத் தாழ்ந்த சுருதி. அந்தச் சாரீரத்தை வைத்துக்கொண்டு துரிதமாகப் பாட அவர் முயலவில்லை. வேகத்தைக் குறைத்தார், ஸ்வரங்களுக்கு நடுவே மௌனத்துக்கு இடம் கொடுத்தார். அவர் காலத்தில் பலருக்கு அது பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் காலப்பிரமாணத்தை மாற்றிக்கொண்டு கைதட்டல் வாங்க அவர் நினைக்கவில்லை. தாம் இயற்றிய முந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளில் "வரததாச" என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார். இவ்வளவு தனியாக நின்ற ஒரு கலைஞர் தம் பெயரை எழுத வேண்டிய இடத்தில் குருவின் பெயரை எழுதினார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பாலமுரளி (1930-2016) முற்றிலும் வேறு மாதிரி. நான்கு ஸ்வரங்கள் மட்டுமே கொண்ட மகதி, லவங்கி போன்ற ராகங்களைப் படைத்தார். மூன்று ஸ்தாயிகளிலும் அநாயாசமாக ஓடும் குரல் அவருக்கு. மரபில் இல்லாததை ராகம் என்று சொல்லலாமா என்று வீணை எஸ். பாலசந்தர் பகிரங்கமாகக் கேட்க, சென்னை இசையுலகமே அந்த வாதத்தில் இரண்டு பட்டது.

ஒரே வேரிலிருந்து ஒருவர் அளவையும், ஒருவர் நிதானத்தையும், ஒருவர் புதுமையையும் எடுத்துக்கொண்டார்கள் என்றால், பரம்பரை என்பது அச்சில் வார்ப்பது என்ற குற்றச்சாட்டு நிற்காது.

தனம்மாள் வீட்டுச் சங்கீதம்

இன்னொரு வகை பாணியும் உண்டு. அங்கே தனிமனிதனுக்கு முன்னால் வீடு வருகிறது. ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867-1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்கள் போய் உட்கார்ந்தார்கள். வீணையோடு தாமே மெல்லப் பாடுவார். க்ஷேத்ரக்ஞரின் பதங்களும், தீட்சிதர், சியாமா சாஸ்திரி உருப்படிகளும் அந்த வீட்டின் சொத்து.

அந்தச் சொத்து பேரப்பிள்ளைகளிடம் வந்தபோது பல வடிவம் எடுத்தது. டி. பிருந்தாவும் டி. முக்தாவும் அதைக் குரலில் வைத்துக்கொண்டார்கள். டி. பாலசரஸ்வதி அபிநயத்தில் வைத்துக்கொண்டார். டி. விஸ்வநாதன் புல்லாங்குழலில் ஏற்றி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனார். இசை ஒன்று, ஆளுமைகள் நான்கு. பாலாவுக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி அளித்தது.

பிருந்தாம்மாவின் கண்டிப்பு பேர்போனது. ஒரு பதத்தின் கமகத்தை எளிதாக்கியோ அழகுபடுத்தியோ அவர் கற்பித்ததில்லை. கூட்டம் சேர்க்கும் கச்சேரிக்கு அந்த இசை ஒத்துவராது என்று தெரிந்தும் அதை மாற்றவில்லை. அந்தக் கண்டிப்பினால்தான் பேர்பெற்ற பாடகர்கள் அவரிடம் பதம் கற்கப் போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இருக்காது. தனம்மாளின் வீடும், காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் வீடும், நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் குலமும் இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவை. சபா மேடை வளர வளர அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு அங்கே இடம் சுருங்கியது; அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர்களுக்கோ இடம் பெருகியது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் நாகஸ்வரத்தின் செல்வாக்கு தெளிவாகவே கேட்கிறது. டி.கே. பட்டம்மாளின் பல்லவித் தேர்ச்சிக்கு ஆதர்சம் நாயனா பிள்ளை. தனித்தன்மை என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதும் இசையின் தர்மம்தான்.

குறையிலிருந்து பிறந்தவை

சில பாணிகள் வரத்திலிருந்து பிறந்தவை, சில குறையிலிருந்து. ஜி.என்.பி. (1910-1965) முதல் வகை. ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்றவர். மின்னல் வேகக் குரல். கபாலீஸ்வரர் கோயிலில் 1928-இல் முசிறிக்குப் பதிலாகப் பாடியது அவருடைய முதல் கச்சேரி. அவருடைய வேகத்தைப் பிரதியெடுக்க ஒரு தலைமுறையே முயன்றது. ஆனால் அவரிடமே கற்ற எம்.எல். வசந்தகுமாரியின் இசை ஜி.என்.பி.யின் பிரதியாக இல்லாமல், தனக்கென்று ஒரு இனிமையோடு நின்றது.

செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908-2003) இரண்டாம் வகை. இயற்கையில் அமைந்த இனிய சாரீரம் இல்லை. சாதகத்தால் அந்தக் குரலை வசப்படுத்தி, அதன் கரகரப்பிலேயே ஒரு கம்பீரத்தைக் கண்டார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் பாடினார். மதுரை மணி ஐயர் (1912-1968) சுருதியில் ஒன்றிப்போகும் குரலும், சர்வலகுவில் அலையலையாக வரும் கல்பனாஸ்வரங்களும் கொண்டு, கணக்கு வழக்குகளின் மிரட்டல் இல்லாமலே பாமரரையும் பண்டிதரையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

மயிலாப்பூரில் தம் பெயரில் சாலையே இருக்கும் முசிறி (1899-1975) நிரவலில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதன் பாவத்திலேயே கரைவார். மேடையைச் சீக்கிரமே குறைத்துக்கொண்டு ஆசிரியரானார். டி.கே. கோவிந்தராவ் போன்ற சீடர்கள் வழியே அவருடைய நிரவல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாட முடிந்தவரை பாடிவிடலாம் என்று நினைக்காமல் விலகத் தெரிவதும் ஒரு ஆளுமைதான்.

குரு இல்லாதவர்

இவ்வளவு சொன்ன பிறகு வீணை எஸ். பாலசந்தரை (1927-1990) எங்கே வைப்பது? மயிலாப்பூரில் வளர்ந்தவர், "அந்த நாள்" படத்தை இயக்கியவர், வீணையைத் தாமே கற்றவர். தமக்கு குரு கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஒரே மெட்டில் தந்தியை இழுத்து நாலைந்து ஸ்வரங்களை எடுக்கும் அவருடைய வாசிப்பு வேறு யாருடையதும் இல்லை. கிருஷ்ணமூர்த்தியின் கட்சிக்கு இசையில் சாட்சி தேடினால் இவரைத்தான் அழைக்க வேண்டும்.

ஆனால் மரபை மாற்றக் கூடாது என்று பாலமுரளியை எதிர்த்து வாதாடியதும் இதே பாலசந்தர்தான். குரு இல்லாதவர் மரபின் காவலராக நின்றார்; குருபரம்பரை உள்ளவர் புது ராகங்களைப் படைத்தார். யாரிடம் கற்றார் என்பதை வைத்து ஒருவருடைய சுதந்திரத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கற்றதை என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மூன்று அளவுகோல்கள்

இந்தப் பாணிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன.

முதலாவது, தன் சாரீரத்திடம் உண்மையாக இருப்பது. எம்.டி.ஆர். வேகமாகப் பாடாததும், ஜி.என்.பி. வேகமாகப் பாடியதும் ஒரே நேர்மையின் இரண்டு முகங்கள். தனக்கு வராததை வருவதாகக் காட்டிக்கொள்பவருக்குப் பாணி அமையாது.

இரண்டாவது, விடுவதற்குத் துணிவது. அரியக்குடி நீட்டலை விட்டார். மணி ஐயர் கணக்கின் ஆடம்பரத்தை விட்டார். பிருந்தா பெருங்கூட்டத்தை விட்டார். எல்லாவற்றையும் பாடுகிறவரின் முகம் நினைவில் நிற்பதில்லை.

மூன்றாவது, கடனைச் சொல்வது. பாடாந்தரம் யாருடையது, சங்கதி யாருடையது, பதம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல வேண்டும். இன்று ஒரு மாணவி கைப்பேசியிலேயே எட்டுப் பாணிகளைக் கேட்டுக் கற்றுவிட முடிகிறது. அது பெரிய வாய்ப்பு. ஆனால் குருவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றவர்களுக்கு இருந்த கடமை, யூடியூபில் கற்றவருக்கும் உண்டு. ஒலிப்பதிவுக்கு முகம் இல்லை என்பதால் அதற்கு நன்றி சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடாது.

மனசாட்சியும் இதில் சேரும். செம்மங்குடியிடம் கற்ற டி.எம். கிருஷ்ணா 2015-இல் டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவிலும் முன்னின்றார். 2024-இல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது வரவேற்பும் எதிர்ப்பும் ஒருசேர எழுந்தன. அவருடைய கருத்துகளோடு உடன்படாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: சரியென்று தான் நம்பியதற்காக மேடையை விடத் துணிவதும், மரபில் ஊறிய ஒருவர் செய்யக்கூடியதே.

ஆகவே நம் சபாக்களுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருபது வயதுப் பாடகரைப் பார்த்து, "உன் பாணி எங்கே?" என்று அவசரப்படுத்தாதீர்கள். வித்தியாசத்துக்காக வித்தியாசம் தேட அந்தக் கேள்விதான் அவரைத் துரத்துகிறது. அதற்குப் பதிலாக இந்த மூன்றைக் கேளுங்கள்: உன் குரலுக்கு உண்மையாக இருக்கிறாயா, எதை விட்டாய், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்? இந்த மூன்றுக்கும் கூச்சமில்லாமல் பதில் சொல்லத் தெரிந்தவருக்குப் பாணி தானாக அமையும். மேடையில் ஏறாத நமக்கும் நம்மை அளந்துகொள்ள இவற்றைவிட நல்ல கேள்விகள் இல்லை.