ஆடல் மருந்தாகுமா? கண்டிச் சடங்காட்டம் பற்றியதொரு திறனாய்வு

கண்டி நகருக்கு வரும் பயணிகள் மாலை வேளையில் மண்டபங்களில் கண்டு மீளும் ஆட்டத்துக்கு மூலமாய் அமைந்தது கொஹொம்ப கங்காரிய என்னும் பெருஞ் சடங்காகும். நோய் நீங்கவும் விளைவு பெருகவும் வேண்டி மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் இரவு முழுவதும் ஆடப்பெறுவது அது. 'ஆடல் மருத்துவம்', 'அசைவுச் சிகிச்சை' என்னும் பெயர்கள் உலகெங்கும் பரவி வரவே, இச்சடங்கையும் அவ்வினத்துள் அடக்கி, மேனாட்டார் நேற்றுக் கண்டதை நம் தீவினர் பண்டே கண்டனர் எனப் பெருமை பேசுவோர் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

சடங்கின் தோற்றக் கதை நோயோடுதான் தொடங்குகிறது. விசயன் தன் மனைவி குவேனியைக் கைவிட்டான். அவள் இட்ட சாபம் அவனுக்குப் பின் அரசெய்திய பண்டுவாசுதேவனைத் 'திவிதோஷம்' எனப்படும் சிறுத்தைத் தோஷமாய்ப் பற்றியது. கனவிற் சிறுத்தையைக் கண்டு மன்னன் நோயுற்றான். இராகு பன்றி வடிவெடுத்து மலய நாட்டரசனின் பூங்காவை அழிக்க, அப்பன்றியைத் துரத்தி இலங்கை வந்த அவ்வரசன் சடங்கை நிகழ்த்தி நோய் தீர்த்தான் என்பர். முன்னோன் இழைத்த துரோகம் பின்னோன் உடலிலே பிணியாய் வெளிப்பட்டது என்பது எளிய கற்பனையன்று. உளநோய் பற்றிய கூரிய சிந்தனை அதனுள் பொதிந்துள்ளது.

எனினும், இக்கதையில் ஆடியவர் யாவர் என்பதே முதன்மையான வினா. நோயுற்ற மன்னன் ஆடினானல்லன். அவன்பொருட்டுப் பிறர் ஆடினர். வேஸ் தலையணி தரித்த ஆட்டக்காரர் இன்றும் அவ்வாறே ஆடுகின்றனர். இவ்வட்டாரத்துப் பலிச் சடங்கிலும் நோயாளி களிமண் உருவங்களின் முன் அமர்ந்திருக்கின்றார். அவரைச் சிங்களத்தில் 'ஆதுரயா' என்பர். நம் சாசனங்களில் வரும் 'ஆதுலர்சாலை' என்னும் தொடரோடு உறவுடைய சொல் அது. அமெரிக்காவில் மேரியன் சேஸ் என்னும் ஆடலாசிரியை 1942-இல் வாசிங்டன் நகரத்து செயின்ட் எலிசபெத்ஸ் மனநோய் மருத்துவமனையில் தொடங்கிய முறையோ இதற்கு நேர்மாறானது. அங்கு நோயாளரே வட்டமாய் நின்று அசைந்தனர். அவர்தம் அசைவைத் தம் உடலில் ஏற்றுத் திருப்பிக் காட்டுவதே ஆசிரியையின் பணியாயிற்று. 1966-இல் அந்நாட்டில் ஆடற் சிகிச்சைச் சங்கம் தோன்றியது இவ்வடித்தளத்தின் மீதேயாம். ஒன்றிற் காண்போர் நோயாளர்; மற்றொன்றில் ஆடுவோர் நோயாளர். இவ்விரண்டையும் ஒரு பெயரால் அழைப்பது இரண்டையும் அறியாமையாகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மெலிவு கண்ட தாய், அது முருகணங்கு எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டயர்விக்கின்றாள். ஆடுபவன் வேலன், மெலிந்தவள் வாளா இருக்கின்றாள். நோயின் காரணம் காதலென்பதை அறிந்த தோழி நகைக்கின்றாள். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து எனப் பத்துப் பாடல்கள் வைத்தார். நற்றிணையின் 34-ஆம் பாட்டிலோ, தெய்வமேயாயினும் அறியாமையுடையை என முருகனையே தோழி இடித்துரைக்கின்றாள். ஆட்டத்தின் அழகைப் புலவர் மறுத்தாரல்லர். நோய்நாடி நோய்முதல் நாடாத ஆட்டத்தையே எள்ளினர்.

அந்நகைப்பு இன்றும் தேவைப்படுகிறது. மூளைக் குருதிக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஒரு பக்கம் செயலிழந்தவருக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றப்பட வேண்டும். சடங்கோ விடியும்வரை நீள்வது. ஆட்டத்தை மருந்தென்னும் பேச்சு, முதலில் மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவரைச் சடங்குக் களத்துக்குத் திருப்புமாயின், அது பண்பாட்டுப் பற்றென மதிக்கத் தக்கதன்று.

மேனாட்டு முறைக்கும் சான்று நிரம்பிவிடவில்லை. மனச்சோர்வுக்கு ஆடற் சிகிச்சை பயன்படுமா என ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு 2015-இல் வெளிவந்தது. அதற்குக் கிட்டியவை மூன்றே ஆய்வுகள், பங்குகொண்டோர் 147 பேர். உறுதியான முடிவு கூற அவை போதாவென மதிப்பாய்வாளரே எழுதினர். பார்க்கின்சன் நோயில் நிலை சற்று நம்பிக்கை தருவது. தாங்கோ ஆட்டம் பயின்ற நோயாளரின் உடற்சமநிலை முன்னேறியதை அமெரிக்க ஆய்வாளர் காட்டியுள்ளனர். உள்ளிருந்து எழவேண்டிய நடையின் தாளம் குன்றிய இடத்து, வெளியிலிருந்து வரும் தாளம் அடியெடுத்து வைக்கத் துணைசெய்கிறது.

அவ்வாறாயின் கங்காரியவுக்குப் பயனே இல்லையோ? உண்டு, ஆனால் அது வேறொரு வகையானது. பன்றி வேட்டையை நகைச்சுவையாய் நடிக்கும் 'ஊரா யக்கம' போன்ற கூத்துகளும், விடியும்வரை ஓயாத கெட்டபெரய முழக்கமும் ஊரார் அனைவரையும் ஓரிடத்துக் கூட்டுகின்றன. தென்னிலங்கைப் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்த புரூஸ் கப்ஃபெரர், 1983-இல் வெளியிட்ட நூலில், இசையும் ஆட்டமும் நகையும் நோயாளியைத் தனிமையினின்று மீட்டுச் சமூகத்தோடு சேர்க்கும் வகையை விரித்துரைத்தார். நோயுற்றவன்பொருட்டு ஊரே உறங்காதிருந்தது என்னும் உணர்வு, மருத்துவமனைக் கட்டில் எளிதில் தரவியலாதது.

இனிக் கண்டி ஆடலை நோயாளர்க்கே பயிற்றுவிக்க எண்ணுவோர் உளராயின், அதன் அடிப்படை நிலையாகிய 'மண்டிய'வை முதலில் நோக்குக. நம் அரைமண்டி போல முழங்கால்களைப் புறந்திருப்பி மடித்து நிற்கும் நிலை அது. சிறுவயது முதல் பயின்றவர்க்கு அஃது இயல்பு. மூட்டுத் தேய்ந்த முதியவர்க்கு ஊறு. தேயிலை மலைச்சரிவில் கூடை சுமந்து முழங்கால் நொந்த பெண்ணுக்கு அந்நிலையைக் கற்பிப்பது மருத்துவமாகாது. அவரை நாற்காலியில் அமர்த்தி, கெட்டபெரயின் மெதுவான தாளத்துக்குக் கைகளையும் பாதங்களையும் அசைக்கச் செய்யலாம். நிற்க வல்லார்க்கு நடையைப் பழக்கலாம். இயன்மருத்துவர் அருகிருந்து, பத்து அடி நடக்க ஆகும் நேரத்தைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குறித்துவைத்தல் வேண்டும். தாளத்தை வாசிப்பவர் அப்பரம்பரைக் கலைஞராகவே இருத்தல் நன்று; அவருக்குரிய ஊதியமும் மருத்துவர்க்குப் போலவே கணக்கில் எழுதப்பெறுக.