எல்கைப் பந்தயமும் ஓடுகிற தரையும்

கேரளத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து கிழக்கே புறப்பட்டுப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறவன், மாட்டைப் பூட்டி ஓட்டுகிற பந்தயம் நிலத்துக்கு நிலம் எவ்வளவு மாறிப்போகிறது என்பதை ஒரு பகற்பொழுதுப் பிரயாணத்துக்குள்ளேயே உணர்ந்துவிடலாம். கணவாய்க்கு இப்பால், கேரளத்தின் மரமடி என்னும் மாட்டுப் பந்தயத்தில் சக்கரம் என்பதே கிடையாது. நீர் தேங்கிய வயலும், சேற்றைச் சமன் செய்கிற பரம்புப் பலகையுமே அங்கே பந்தயச் சாதனங்கள். அப்பால் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களிலோ, காங்கேயம் காளைகள் பூட்டிய இலேசான ரேக்ளா வண்டி புழுதி பறக்க மண் தடத்தில் ஓடுகிறது. இன்னும் தெற்கே சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடிச் சீமைகளுக்குப் போனால் தடமென்று தனியாக ஒன்றுமில்லை. ஊர்களை இணைக்கும் தார்ச்சாலையே தடம்.

கொங்கு முறையின் சிறப்பு அதன் நியாயத்தில் இருக்கிறது. மாட்டின் பல்லைப் பார்த்து வயதைத் தீர்மானித்து, இளங்கன்றுகளை 200 மீட்டரிலும் முதிர்ந்தவற்றை 300 மீட்டரிலும் விடுகிறார்கள்; வண்டிகள் ஒவ்வொன்றாக ஓட, விநாடிக் கணக்கு வெற்றியை நிர்ணயிக்கிறது. ஒருவன் வண்டியை மற்றொருவன் மறித்தான், அச்சோடு அச்சு உரசியது என்ற தகராறுக்கு அங்கே இடமே இல்லை. ஆயினும், அந்த நியாயத்தைப் பெறுவதற்காகப் போட்டி என்னும் உயிரையே ஓரளவு விலையாகக் கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எதிரியை முன்னே விட்டுச் சமயம் பார்த்துத் தாண்டுவது, மாட்டின் மூச்சைக் கடைசி வரை காப்பாற்றி வைப்பது முதலிய சாரத்தியத்தின் நுட்பங்களெல்லாம், கண் இமைத்துத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற ஓட்டத்தில் வெளிப்படுவதற்கு அவகாசம் ஏது?

அந்த நுட்பங்களைத் தென்சீமையிலும், காணும் பொங்கலன்று மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடுகிற திருக்கடையூர் எல்கைப் பந்தயத்திலும் காணலாம். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு என்றும், பெரிய குதிரை, நடு குதிரை, கரிச்சான் குதிரை என்றும் தரம் பிரித்து, 'போக வர இத்தனை மைல்' என்று தூரம் வகுத்து, எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பி வரச் செய்கிறார்கள். கொடியருகில் வேகத்தைத் தணித்து, வண்டி குடைசாயாமல் வளைத்து, மறுபடியும் மாட்டைக் கிளப்பிவிடுகிற அந்தச் சில கணங்களில்தான் கைதேர்ந்த சாரதியும் கற்றுக்குட்டியும் வேறுபடுகிறார்கள்.

திருப்பத்தின் மகத்துவத்தை வெளிநாட்டார் கணக்காகவே அறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு மைல் வண்டிக் குதிரைப் பந்தயம் மைல் வட்டத்தில் நடந்தால் இரண்டு வளைவுகள். ஒஹாயோவின் டெலவேர் நகரிலுள்ளதைப் போன்ற அரை மைல் வட்டத்தில் நடந்தால் நான்கு. உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் விலகி ஓடுகிற குதிரை, சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர் அதிகம் ஓட நேர்வதால், அரை மைல் வட்டத்தில் அதன் நஷ்டம் இரட்டிப்பாகிறது. ஆகவே அங்கே குதிரையின் வேகத்தைப் போலவே புறப்படும் இடமும் பெரிதாகிவிடுகிறது. பாரிஸ் நகரத்து வின்சென் மைதானத்தின் நிலக்கரிச் சாம்பல் கட்டித் தடமோ சரிந்திறங்கி மீண்டும் மேடேறி, வேறொரு சுபாவமுள்ள குதிரையைத் தேர்ந்தெடுக்கிறது.

இவ்வளவு விதமான தரைகளுள் மிகவும் குறையுடையது நம்முடைய தார்ச்சாலைதான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மாட்டின் குளம்பு பிளவுபட்டதாகையால், கால் ஒன்றுக்கு இரண்டு தகடுகளாக லாடம் அடிக்கிறார்கள். சேற்றிலோ புழுதியிலோ அழுந்திப் பிடிமானம் பெறவேண்டிய குளம்பு, இறுகிய தாரின் மேல் இரும்பும் கல்லுமாக மோதி, திரும்பும் இடத்தில் வழுக்குகிறது. போதாக்குறைக்கு, துரத்தி வருகிற மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் வேறு. மாடு ஓடுவது உற்சாகத்தாலா மிரட்சியாலா என்பதைப் பார்க்கிறவர்கள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டைத் தடுத்தபோது, அந்த வழக்குக்கு மூலமாயிருந்தது ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரிய ஒரு மனுவே என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017-இன் சட்டத் திருத்தமும், 2023 மே 18-இல் அதனை ஐவர் அமர்வு செல்லுமென ஏற்றதும் யாவரும் அறிந்த விஷயங்கள். அந்த நெடிய வாதப் பிரதிவாதங்களில் காளையின் உடலமைப்புக்கும் மரபுக்கும் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது அது ஓடுகிற தரைக்கும் கிடைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அறுவடை முடிந்த புஞ்சையிலோ நீர் வற்றிய கண்மாயிலோ அகலமான மண் வட்டம் ஒன்று அமைத்து, எல்கைப் பந்தயத்தை அங்கே மாற்றினால் குளம்பும் தப்பும், சாரதியின் திறமையும் விளங்கும். வழிநெடுக ஒவ்வொரு ஊரும் தன் வாசலில் நின்றபடியே பார்த்து ஆரவாரிக்கிற பந்தயத்தை ஒரே ஊரின் எல்லைக்குள் அடக்குவதற்கு மற்ற ஊர்கள் சம்மதியா என்ற ஆட்சேபம் வலுவானதே. அதற்காகத் தார்ச்சாலையையே விட்டுவிட மனமில்லையென்றால், கொடி நடுகிற இடத்திலாவது ஐம்பது அறுபது அடிக்கு மண் கொட்டிப் பரப்பி வைப்பது விழாக் குழுக்களுக்குப் பெரிய செலவாகாது.