மண் கோட்டையும் வண்ணக் கட்டங்களும்

1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல்லின் படை கொல்லங்கொண்டான், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரப் பாளையங்களை அடுத்தடுத்துத் தாக்கியது. 1972-ல், சேத்தூரிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய சிவகாசியில், 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. ஒரே வட்டாரத்தின் இந்த இரண்டு வரலாறுகளும் ஒன்றையொன்று அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. நம் படக்கதை வாசகருக்கு அரிசோனாவின் பள்ளத்தாக்குகள் மனப்பாடம். அப்பாச்சிகள் எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்குவார்கள் என்பதைக் கேப்டன் டைகர் கதைகளைப் படித்தே சொல்லிவிடுவார். தேவதானத்துக்கு மேற்கே காடு எங்கே தொடங்குகிறது, அதற்குள் பாளையப் படைகள் எப்படி மறைந்தன என்று கேட்டால் விழிப்பார்.

இதற்காக மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். முத்து காமிக்ஸ் ஆசிரியர் முல்லை தங்கராசன் காலம் தொட்டு இன்றுவரை சிவகாசி செய்தது பெரிய காரியம். டைகர் கதைகளின் தொடக்கமான 'நவாஜோ கோட்டை' வரிசையை ஷார்லியேவும் ஜிரோவும் 1963-ல் பிரான்சில் ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் பாலைவனத்தை அந்த ஐரோப்பியர்கள் காட்டிய விதத்தில் புழுதிக்கும் ஒரு பாத்திரம் உண்டு. தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, குதிரை எத்தனை மணி நேரம் தாங்கும், காவல் வீரன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்பவை தெரியாமல் அந்தச் சண்டைகள் புரியாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய போர் எல்லாமே இப்படித்தான். ஆயுதத்தைவிட நிலம்தான் முடிவு செய்கிறது. இந்த இடத்தில்தான் நம் சரித்திரப் படக்கதை சறுக்குகிறது: அது நிலத்தை விட்டுவிட்டு ராஜாவின் முகத்தை வரைகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டிய கொண்டையராஜு கோவில்பட்டியில் குடியேறி, அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசி அச்சகங்களின் காலண்டர்களாக வீட்டுக்கு வீடு தொங்கின. அந்த மரபில் நாயகன் நம்மை நேராகப் பார்த்து நிற்பான். பின்னணி வெறும் திரை. 1959-ல் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தபின் பாளையக்காரர் என்றால் சிவாஜி கணேசனின் மீசையும் குரலும்தான். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் ஒரு படப்பிடிப்புத் தளம் போலவே எனக்குத் தோன்றும். ஆனால் இந்த மரபின் மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. 1799, 1801 பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு கம்பெனி பாளையக் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது. 1803-ல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின, சேத்தூரும் ஜமீனாயிற்று. ஓவியன் போய்ப் பார்த்து வரைவதற்கு நிற்கும் கோட்டை கிட்டத்தட்ட இல்லை.

தொடர்கதை ஓவியங்கள் இன்னொரு ஊற்று. கல்கியின் நாவல்களுக்கு மணியம் வரைந்ததும், சாண்டில்யனுக்கு லதா வரைந்ததும் அடுத்த தலைமுறைக்கு அகராதி ஆயின. ஆனால் 'பொன்னியின் செல்வ'னில் போர் எங்கே இருக்கிறது? ஓலை, ஒற்றர், சதி, சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. பெரிய போர் ஒன்று கண்முன் நடப்பதில்லை. திருப்புறம்பியத்தில் பாண்டியரைப் பல்லவரும் கங்கரும் சோழரும் எதிர்த்து நின்ற சண்டை நாவலுக்குள் பழைய கதையாகத்தான் வருகிறது. மிச்சமிருப்பது ஒரு பள்ளிப்படை. நிலா காமிக்ஸ் அந்த நாவலைப் படக்கதையாக்க எடுத்துக்கொண்ட உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் மூலத்தில் இல்லாத போர்க்களத்தை அதில் தேடுவதற்கில்லை.

1967-ல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. சிவாஜி, ராணா பிரதாப், ஜான்சி ராணி என்று அதன் போர் நாயகர்கள் ஏராளம். முப்பத்திரண்டு பக்கத்துக்குள் பிறப்பு, இளமை, சபதம், சண்டை, மரணம் அனைத்தும் அடங்க வேண்டும். அதனால் போருக்கு இரண்டு மூன்று பக்கங்கள், நான்கு வாள்கள், ஒரு யானை. சின்ன வயதில் அது போதுமானதாக இருந்தது.

வெளியே வேறு வழிகள் இருக்கின்றன. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவில் ஹார்வி கர்ட்ஸ்மன் நடத்திய போர் இதழ்கள் பழைய போர்களையும் தொட்டன; சீருடைப் பொத்தான்வரை விசாரித்து வரைய வைத்தார், வீரத்துக்குக் கைதட்டவும் மறுத்தார். யசுஹிசா ஹரா 2006 முதல் வரைந்துவரும் ஜப்பானிய 'கிங்டம்' பழைய சீனத்தின் போரிடும் நாடுகள் காலத்தில் நடக்கிறது. அதில் ஒரே சண்டை பல தொகுதிகள் நீளும். அணிவகுப்பும் உணவு வண்டிகளும் மேட்டு நிலமும்தான் அங்கே கதை. எதிர்முனையில் பிராங்க் மில்லரின் '300'. வெண்கலக் கவசம் பூண்டு சண்டையிட்ட ஸ்பார்ட்டர்களை அவர் கிட்டத்தட்ட வெற்றுடம்பாக நிறுத்தினார். பக்கங்கள் மிரட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் தெர்மோபிலே கணவாயின் குறுக்கம் ஏன் முக்கியம் என்பது அந்த மார்புகளுக்கு நடுவே தொலைந்துபோகிறது. நம் சினிமாச் சுவரொட்டிக்கும் அதற்கும் தூரம் குறைவு.

போரை வரிசைப் படங்களாகச் சொல்வது நமக்குக் கடன் வாங்கிய வித்தையா என்றால், இல்லை. காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் எட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பல்லவர் வரலாற்றைக் கட்டம் கட்டமாகச் செதுக்கினார்கள்: முடிசூட்டல், தூது, யானைப்படை, முற்றுகை. சில கட்டங்களுக்குக் கல்வெட்டுக் குறிப்பும் உண்டு. ராமநாதபுரம் இராமலிங்க விலாசச் சுவரில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த சண்டை வண்ணத்தில் இருக்கிறது. இவற்றை எல்லாம்விட எனக்குப் பிடித்தது ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் சுவர். காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர், திப்பு படைகளிடம் அழிந்ததை, திப்பு 1784-ல் அங்கே வரையவைத்தார். நடுவில் கம்பெனிச் சிப்பாய்களின் சதுர அணி. அதற்குள் பல்லக்கில் பெய்லி. வெடிமருந்து வண்டி தீப்பிடித்துச் சிதறுகிறது. சுற்றிலும் குதிரைகள் நெருக்குகின்றன. வென்றவன் வரையச் சொன்ன படம்தான், மிகையும் உண்டு. ஆனால் அணி எப்படி உடைந்தது என்பது பார்த்தவுடன் விளங்குகிறது. ஒரு படக்கதை ஓவியர் ஒரு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்தால் காலண்டர் மரபிலிருந்து விடுபட்டுவிடுவார்.

பாளையப் போருக்குக் கதைப் பொருள் பஞ்சமில்லை. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றில் வாசுதேவநல்லூர் முற்றுகை வருகிறது: பீரங்கி உடைத்த சுவரைக் குண்டு மழைக்கு நடுவிலேயே பனைமரமும் வைக்கோலும் கொண்டு அடைத்தார்கள். இந்த ஒரு காட்சிக்குப் பத்துப் பக்கம் கொடுக்கலாம். பனையை வெட்டியவர் யார், இழுத்தவர் யார், வைக்கோல் எந்தக் களத்திலிருந்து வந்தது? இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801 பிப்ரவரியில் சிறைமீண்ட, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் மறுபடி எழுப்பியதும் அப்படியே. மார்ச் 31 தாக்குதலைத் தடுத்து நிறுத்தி, மே 24 வரை அந்த மண்சுவர் தாங்கியது. கதைவசனத்துக்கும் தேடி அலைய வேண்டாம். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலும் 'கான்சாகிபு சண்டை'யும் இருக்கின்றன. கான்சாகிபு என்கிற யூசுப்கான் 1761-ல் கம்பெனிக்காக நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடித்தவர், 1764-ல் மதுரையில் அதே கம்பெனியாலும் ஆற்காட்டு நவாபாலும் தூக்கிலிடப்பட்டவர். அவரை நாயகன் என்பதா, எதிரி என்பதா?

படக்கதைக்காரர்களைத் தயங்க வைப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். பாளையக்காரர்கள் இன்று சாதிச் சுவரொட்டிகளில் இருக்கிறார்கள். ஒருவர் பின்வாங்கியதையோ, இன்னொருவர் கம்பெனியோடு சேர்ந்ததையோ, மேற்கே மறவர் பாளையங்களும் கிழக்கே நாயக்கர் பாளையங்களும் ஒருவரை ஒருவர் நம்பாததையோ வரைந்தால் அடுத்த நாள் பதிப்பகத்து வாசலில் கூட்டம் நிற்கும். எழுத்தில் ஒரு வரியில் நழுவிப் போகலாம். படத்தில் அந்த ஆளின் முகத்தையும் உடையையும் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் காட்டியே ஆக வேண்டும்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதுகிறார். அதே சின்ன மருதுவை 1801-ல் வேட்டையாடிய படையிலும் வெல்ஷ் இருந்தார். தொடை எலும்பு முறிந்து கைதியாகக் கிடந்தவரைப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டு ஆட்கள், ஓர் ஆயுதம், ஆறேழு ஆண்டுக் கால இடைவெளி. ஒரு நல்ல படக்கதைக்கு இதற்குமேல் தேவையில்லை. வெல்ஷின் இரண்டு தொகுதி நினைவுக் குறிப்பு 1830-ல் லண்டனில் வெளிவந்தபோது அதில் அவர் சென்ற இடங்களில் தீட்டிய ஓவியங்களும் அச்சாயின. அந்தப் போருக்குப் போனவர்களில் கையில் பென்சிலோடு போனவர் எதிரணிக்காரர்.