கருங்காலிக் குதிரையும் விண்கலமும்

பழங்கதையொன்றை எதிர்காலத்துக்கு எடுத்துச் செல்லும் படைப்பை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு. வாகனம் மட்டும் மாறியிருக்கிறதா, அன்றி அதனோடு மனிதரும் மாறியிருக்கிறார்களா என்பதே அது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் வெளிவந்த ‘கலை அரசி’ திரைப்படத்தை இவ்வகையில் அளந்து பார்க்கலாம்.

விஞ்ஞானத்தில் முதிர்ந்தும் கலையில் வறுமையுற்ற ஒரு கோளிலிருந்து வருபவன் (எம். என். நம்பியார்), பாடும் திறன் மிக்க வாணியை (பி. பானுமதி) விண்கலத்தில் கவர்ந்து செல்கிறான். மோகன் (எம்.ஜி.ஆர்.) தன் உருவத்தை ஒத்த வேற்றுக்கோளினனாக நடித்து, அங்கே சென்று அவளை மீட்கிறான்.

இக்கதையின் அமைப்பு ‘ஆயிரத்தொரு இரவுகள்’ அறிந்தோருக்குப் புதிதன்று. அதிலுள்ள கருங்காலிக் குதிரை ஓர் இயந்திரம். ஒரு முளையைத் திருகினால் வானில் எழும். மற்றொன்றைத் திருகினால் இறங்கும். அதைச் சமைத்த அறிஞன் விலையாகக் கேட்பது அரசனின் மகளை. அது கைகூடாதபோது, இளவரசன் அழைத்துவந்த மணப்பெண்ணை அக்குதிரையிலேயே கவர்ந்து செல்கிறான். இளவரசன் மருத்துவ வேடமிட்டு அவளை மீட்கிறான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்பதன்று நம் வாதம். அருகருகே வைக்கும்போது வேறுபாடுகளே பேசுகின்றன.

படத்தின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பழங்கதை அறிஞனைச் செலுத்துவது ஆசை. இங்கே கவர்பவனைச் செலுத்துவதோ ஒரு நாகரிகத்தின் குறைபாடு. அறிவு அழகை நாடுகிறது; ஆனால் பறிப்பதன்றி அதை அடையும் வழி அறியாது. சிறைப்பட்ட கலை மலருமா என்னும் பெருங்கேள்வி இதில் அடங்கியுள்ளது. வாளின் நிழலில் கதை சொல்லி மன்னனின் மனத்தை மாற்றிய ஷஹ்ரஸாத் அதற்கு விடையளித்தவள். படமோ அக்கேள்வியை எழுப்பிவிட்டு, விடையை நாயகனின் வீரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது.

கருங்காலிக் குதிரைக் கதையின் பெண் அப்படிக் காத்திருப்பவளல்லள். அறிஞனிடமிருந்து தன்னை விடுவித்த மன்னனே தன்னை விரும்பும்போது, பித்துப் பிடித்தவளாக நடித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறாள். மீட்பவன் வந்து சேரும்வரை காவல் அவளது மதிநுட்பமே. ஈற்றில் மன்னர் அக்குதிரையை உடைத்துவிடுகிறார். ஆக, இயந்திரம் என்ன விலைக்கு வந்தது, நிலைக்கத் தகுமா என்பதையும் அக்கதை சிந்தித்திருக்கிறது.

ஜலகண்டாபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வண்ணத்தில் தயாரித்தது. அதிலும் இதே இணைதான். பானுமதி மர்ஜினாவாகத் தோன்றினார். மூலக்கதையில் மர்ஜினா அடிமைப்பெண். எனினும் தன் அறிவால் எசமானின் குடும்பத்தையே காத்தவள். ஏழாண்டுகளுக்குப்பின் அதே நடிகை விண்வெளிக்குச் சென்றபோது, மீட்பனை எதிர்பார்க்கும் பெண்ணாகிவிட்டார். எதிர்காலத்துக்குச் சென்ற கதை, பெண்ணைப் பொறுத்தவரை பின்னோக்கியே நடந்திருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டிலேயே பக்தாத் நூலறிஞர் இப்னு நதீம் இத்தகு கதைகளைச் சுவையற்றவை என ஒதுக்கினார். ‘வெறும் கிஸ்ஸாதானே’ என்னும் அலட்சியம் நம்மவரிடமும் உண்டு. அதைக் களைந்து வாசித்தால், நாளைய கதைக்கு வேண்டுவது புதிய விண்கலமன்று, அந்தப் பழைய பெண்ணின் மதிநுட்பமே என்பது விளங்கும்.