கலைப் பட்டமும் சம்பளப் பட்டியலும்

உயர்தரத்துக்குப் பாடம் தெரிய வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சர், இதப் படிச்சா தொழிலொன்டு கிடைக்குமா?" லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ரொபர்ட்டா கொமூனியனின் ஆய்வுகளை வாசிக்கும்போதும் அந்தக் கேள்விதான் காதுக்குள் கிடந்தது.

1998இல் பிரித்தானிய அரசு விளம்பரம், கட்டடக்கலை, இசை, திரைப்படம், பதிப்பு, மென்பொருள் என்று 13 துறைகளை ஒரே பட்டியலில் சேர்த்து, செல்வமும் தொழிலும் தரக்கூடிய 'படைப்பாக்கத் தொழிற்றுறைகள்' என்று பெயரிட்டது. 2002இல் அமெரிக்கரான ரிச்சர்ட் புளோரிடா, படைப்பாற்றல் உள்ளவர்கள் கூடும் நகரங்களே செழிக்கும் என்று எழுதினார். கலை படித்தவனுக்கு இனி நல்ல காலம்தான் என்ற பேச்சு எங்கும்.

அந்தப் பேச்சைக் கொமூனியன் கணக்குப் பார்த்தார். அலெஸாண்ட்ரா ஃபாஜியன், சியன் செர் லி ஆகியோருடன் 2010இல் எழுதிய கட்டுரையில், பிரித்தானியப் பட்டதாரிகளின் தரவுகளைக் கொண்டு, ஓவியம், இசை, நாடகம், வடிவமைப்பு முதலியன படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த சம்பளமே பெறுகிறார்கள் என்று காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

முதலில் எனக்கொரு மறுப்பு இருந்தது. பட்டம் பெற்று ஆறு மாதத்தில் ஒரு நாடகக்காரர் எங்கே நிலைகொள்வார்? ஒரு மாதம் மேடை, இரண்டு மாதம் கடையில் பகுதிநேர வேலை, பிறகு வீட்டில் சும்மா. இந்தத் தொழில் தொடங்குவதே அப்படித்தானே. ஆனால் மரியா அப்ரூ முதலியோருடன் சேர்ந்து அவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு மூன்றரை ஆண்டுகள் கழிந்த நிலையையும் பார்க்கிறது. இடைவெளி அப்போதும் மூடவில்லை. என் மறுப்பை நான் வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றை வாங்க மாட்டேன். அரசின் அந்த 13 துறைகளில் கல்வி இல்லை. நாடகம் படித்துவிட்டுப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குபவர், அந்தப் பட்டியலின்படி, துறைக்கு வெளியே போனவர். இருபது வருடமாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு இது சுடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கலை அடுத்த தலைமுறைக்குப் போவதே இப்படியானவர்களால்தான். அவர்களைப் 'படித்த துறையில் இடம் கிடைக்காதவர்கள்' பக்கம் எழுதும் கணக்கு எவ்வளவு நுட்பமாயிருந்தும் எனக்குப் பாதிக் கணக்குத்தான்.

கொமூனியன் குறை காண்பது சந்தையிலும், வாக்குறுதியை மட்டும் அள்ளிக் கொடுத்த கொள்கையிலும். ஆனால் சம்பள எண் வெளியே வந்துவிட்டால் அதை யார் எப்படி வாசிப்பார் என்பது ஆய்வாளர் கையில் இல்லை. குறைந்த சம்பளம் தரும் பட்டம் தரமில்லாத பட்டம் என்று பேசுகிறவர்கள் இங்கிலாந்தில் நிறையப் பேர். 2021இல் அங்கே கலைப் பாடங்களுக்கான மேலதிக மானியம் பாதியாக வெட்டப்பட்டது. அவை முன்னுரிமைப் பாடங்கள் அல்ல என்றார்கள். சந்தை சரியாகக் கொடுக்கவில்லை என்பதும், படிப்புக்கு மதிப்பில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அந்தக் கட்டுரைகள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

புதிதாக வாசிப்பவர்கள் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடங்குவது நல்லது. பிறகு அபிகெய்ல் கில்மோருடன் அவர் தொகுத்து 2016இல் வந்த நூல். பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே இருக்கும் கலையுலகோடு என்ன உறவு வைத்திருக்கிறது என்று கேட்பது அது. சம்பளம் பற்றிய பேச்சு அதில் பின்னுக்குப் போகிறது. எனக்கு அதுதான் கூடப் பிடித்தது.